செருப்புக்குக் காவல் நின்ற அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அப்பாவின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அப்பாவின் முதலாண்டுத் திதி நாளைக்குத்தான். ஆனால் இது ஆடி மாதம். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்ற செய்தியும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். எப்படியும் இன்றைக்கே வந்து இறங்கிவிடுவீர்கள் என்று தெரிந்துதான் மலரை ஒரு நாள் முன்னதாகவே அச்சகத்திலிருந்து வாங்கி வைத்தோம்.

அச்சகத்தில் முதல் தாளைக் காட்டியபோது அப்பாவின் படத்துக்குக் கீழே 'அஞ்சா நெஞ்சர்' என்று போட்டிருந்தார்கள். போலீஸ் வேலை பார்த்தவர்களுக்கு அப்படிப் போடுவதுதான் வழக்கமாம். நான் எடுக்கச் சொன்னேன். அம்மாவுக்கு வருத்தம்.

"இருந்துட்டுப் போட்டுமேட்டி, பாக்க நல்லாத்தான இருக்கு" என்றார்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது எங்கள் அப்பா இல்லை. அப்பா பயந்தவர். நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகமாகப் பயந்தவர். அவர் பயந்துகொண்டே இருந்ததால்தான் இந்த வீட்டில் தங்கிப் போன நாம் எல்லாரும் கவலையில்லாமல் குளித்தோம், சாப்பிட்டோம், தூங்கினோம். நீங்கள் கேலி செய்ததும் அதைத்தான். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது சுரண்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வானம் பார்த்த பூமி. மிளகாயும் உளுந்தும் விளையும். தண்ணீரைக் குடத்தில்தான் பார்க்கலாம். அப்பாவைப் பெற்றவர் சீக்கிரமே காலமாகிவிட, தம்பியைப் படிக்க வைக்கும் பொறுப்பு சின்ன வயதிலேயே அப்பாவின் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் சுரண்டையில் வற்றல் மூடை சுமந்தார். மிளகாய் நெடியில் பிடித்த இருமல் கடைசிவரை அவரை விடவில்லை. ஊர்க் கிணற்றில் தண்ணீர் கிடந்தால் வயலில் வேலை இருக்கும். வேலை இல்லாத நாட்களில் கிணற்றில் தண்ணீர் இருக்காது. அதனால் அப்பா நீச்சல் பழகவே இல்லை. போலீஸ் தேர்வில் ஓடச் சொன்னார்கள், கயிறு ஏறச் சொன்னார்கள், நீந்தச் சொல்லவில்லை. "அன்னைக்குத் தப்பிச்சேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

தப்பித்தவரை விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. எந்த ஊர் ஸ்டேஷனில் இருந்தாலும் சீசன் வந்தால் அப்பாவைக் குற்றாலத்துக்குப் பாதுகாப்புப் பணிக்கு அனுப்பிவிடுவார்கள். நீச்சல் தெரியாத மனிதர், வாயில் விசிலோடு, பேரருவிக் கரையில் நாள் முழுக்க நிற்பார். தண்ணீர் அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் விசில் ஊதி எல்லாரையும் கரையேற்ற வேண்டும். அப்படி ஏற்றிவிட்ட ஒரு நாளில்தான் அந்தப் பயம் அவருக்குள் வந்து உட்கார்ந்தது.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. மலையில் பெய்த மழைக்குத் திடீரென்று வெள்ளம் வந்திருக்கிறது. எல்லாரையும் வெளியேற்றியாயிற்று. கூட்டமும் கலைந்துவிட்டது. பார்த்தால் கரையில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் மிஞ்சிக் கிடந்தது. யாருடையது என்று அப்பா கேட்டுக்கொண்டே நடந்திருக்கிறார். யாரும் வரவில்லை. அவசரத்தில் யாரோ வெறுங்காலோடு பஸ் ஏறியிருப்பார்கள் என்றார்கள் உடன் இருந்தவர்கள். அப்படியும் இருந்திருக்கலாம். ஆளைக் காணோம் என்று யாரும் தேடி வரவும் இல்லை. ஆனால் அப்பாவால் அப்படி நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை.

இதை அவர் எங்களிடம் சொன்னதே கிடையாது. காதர் மாமாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். பல வருடம் சவூதியில் இருந்துவிட்டுக் கடையநல்லூர் திரும்பியவர் காதர் மாமா. ஓய்வுக்காலத்தில் அப்பாவுக்குக் கிடைத்த தோழர். அவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

தெரிந்த பிறகுதான் பல விஷயங்கள் விளங்கின. உங்களுக்கும் இப்போது விளங்கும். உங்களை அருவிக்கு அழைத்துப் போகும்போது அப்பா ஒரு நாளும் குளித்ததில்லை. நீங்கள் கழற்றிப் போட்ட செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். அதை வைத்து நீங்கள் செய்த கேலி கொஞ்சமா நஞ்சமா.

"ரிடையர் ஆகியும் ஏட்டையா செருப்புக்குக் காவல் நிக்காவ பாரு."

"எங்க பெரியப்பா நின்னா நம்ம செருப்பு மட்டுமில்ல, அடுத்தவன் செருப்பும் சேந்து வீட்டுக்கு வந்துரும்."

அப்பாவும் சிரிப்பார். செருப்பைத் திருடன் கொண்டுபோவான் என்ற பயம் அவருக்கு இல்லை. எல்லாரும் கரையேறிய பின்னும் ஒரு ஜோடி மிஞ்சிவிடக் கூடாது என்பதுதான் அவர் பயம்.

ஓய்வு பெற்றதும் மேலகரத்தில் இந்த வீட்டைக் கட்டினார். வாசலில் நின்றால் மலை தெரியும். மலையில் மேகம் இறங்குவதை வைத்துச் சொந்தக்காரர்கள் வருவதைச் சொல்லிவிடலாம் என்பார் அம்மா. ஆனி பிறந்ததும் சென்னை, திருப்பூர், தூத்துக்குடி என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் பையோடு நிற்கும். போன் செய்துவிட்டு வருகிற பழக்கம் உங்களில் யாருக்கும் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் வருவீர்கள் என்பதற்காகவே, சாரல் அடங்கும்வரை எங்கள் வெளிக்கேட்டுக்குக் கொண்டி போடுவதில்லை. அம்மா அடுப்படியில் புலம்புவார். ஒரு வாரம் யாரும் வராவிட்டால் அதற்கும் அவர்தான் புலம்புவார்.

அப்பாவின் நாள் தோட்டத்தில் தொடங்கும். பலா, கொய்யா, நார்த்தை, வேலியோரம் பிச்சிக்கொடி. குற்றாலத்துப் பழக்கடைக்காரர் ஒருவர் கொடுத்த ரம்புட்டான் கன்று இன்னும் காய்க்கவில்லை, ஆனால் அது காய்த்ததும் யார் யாருக்கு என்று அப்பா பங்கு பிரித்து வைத்திருந்தார். தோட்டத்தில் கால் வைக்கும் முன் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போவார். பாம்புப் பயம். இடி இடித்தால் டிவி வயரைப் பிடுங்குவார். விருந்தாளிக் குழந்தைகள் வந்துவிட்டால் கிணற்று மூடியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைப்பார். காஸ் சிலிண்டரை மூடிவிட்டாயா என்று அம்மாவிடம் கேட்பார், ஆமாம் என்ற பதிலை நம்பாமல் தானே போய்ப் பார்ப்பார். எங்கள் வீட்டில் பயம் என்பது ரேஷன் கார்டில் பெயர் இல்லாத இன்னோர் ஆள்.

குளித்துவிட்டு நீங்கள் ஈரத்தலையோடு வந்ததும் சாப்பாடு தயாராக இருக்கும். அப்பா மட்டும் உட்கார மாட்டார். வாசற்படிக்குப் போய் செருப்புகளைப் பார்த்துவிட்டு வருவார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு, ஒக்காருங்க. ரசம் ஆறிப் போவுது."

அம்மா சொன்ன பிறகும் இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இலைக்கு வருவார்.

இந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. தென்காசியில் என் வீட்டில் இருக்கும்போது அம்மாவின் போன் வந்தால் எடுக்கும் முன்பே வண்டிச் சாவியைத் தேடுவேன். அப்படி உண்மையிலேயே பயப்பட வேண்டிய காலம் மூன்று வருடங்களுக்கு முன் தொடங்கியது.

முதலில் சின்னதாகத்தான் தெரிந்தது. சாரல் பெய்துகொண்டிருக்கும், அப்பா செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். வயதானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று நினைத்தோம். பிறகு அம்மா ஆசையாக வைத்த கத்தரி நாற்றைக் களை என்று பிடுங்கிப் போட்டார். என் பெயரை மறந்து, ஊரார் கூப்பிடுவது போல என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிட்டார். திருநெல்வேலியில் காட்டியபோது மறதி நோய் என்றார் மருத்துவர். மெல்ல மெல்லத்தான் போகும், ஆனால் திரும்பி வராது என்றார்.

பெயரை மறந்ததைக் கூட நான் தாங்கிக்கொண்டேன். என்னை நடுங்க வைத்தது வேறு. ஒரு நாள் சாயங்காலம் பார்க்கிறேன், அப்பா கம்பு இல்லாமல் தோட்டத்துக்குள் இறங்கி, விறகுக் குவியலுக்குள் வெறுங்கையை விட்டுத் துழாவுகிறார். இடி இடிக்கிறது, டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கிணற்று மூடி திறந்து கிடக்கிறது, பக்கத்திலேயே நிற்கிறார், எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். அப்பா பயப்பட மறந்துவிட்டார். அதுவரை இந்த வீட்டில் பயப்படுவதற்கென்று ஒருவர் இருந்தார்.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்பது அம்மாவின் முடிவு.

"சொன்னா ஒருத்தரும் வர மாட்டாவ, வந்தாலும் தங்க மாட்டாவ. ஆள் வந்தாத்தான் உங்கப்பா மொகம் தெளியுது" என்றார்.

அது உண்மைதான். விருந்தாளிகளைக் கண்டால் அப்பா பழைய அப்பா ஆகிவிடுவார். "வாங்க வாங்க, சாப்டீங்களா?" என்று கை கூப்புவார். யார் வந்திருக்கிறார்கள் என்பது தெரியாது, ஆனால் வாங்க என்பதில் குறை இருக்காது. உங்களில் எத்தனையோ பேர் அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு, "மாமா அப்படியேதான் இருக்காவ" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நாங்கள் மாறி மாறி அவர் கூடவே இருந்தோம். பகலில் காதர் மாமா வந்து தோட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

போன வருடத்துக்கு முந்தைய ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காதர் மாமா தன் சொந்தத்தில் ஒரு நிக்காஹ் என்று வரவில்லை. சீசனுக்காக என் மகள் ஆச்சியோடும் தாத்தாவோடும் மேலகரத்தில் இருந்தாள். காலையில் சுரண்டையிலிருந்து மாரி வந்து இறங்கினான், மனைவியும் சின்ன மகளும் கூட. மாரி என் சித்தப்பா மகன், அப்பா படிக்க வைத்த தம்பியின் பிள்ளை. வழக்கம்போல போன் எதுவும் இல்லை. வந்தவர்களுக்குக் கோழி எடுக்க வேண்டும் என்று அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். வீட்டில்தான் இத்தனை பேர் இருக்கிறார்களே, அப்பாவைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துப் போயிருக்கிறார். கோழியோடு திரும்பி வந்தால் கேட் திறந்து கிடக்கிறது. வீட்டில் ஒருவரும் இல்லை.

எனக்குப் போன் வந்தது. அம்மாவின் குரல் அம்மாவின் குரல் மாதிரியே இல்லை.

"ஏட்டி, யாரையும் காணோம். அருவிக்குத்தான் போயிருக்காவ. உங்கப்பாவையும் கூட்டிட்டுப் போயிருக்கான். பிள்ளையும் இல்ல."

"மாரிக்குப் போன் பண்ணியாம்மா?"

"பண்ணுனேன். இங்கன கட்டில்லதான் கெடந்து அடிக்கி."

அருவிக்குப் போகிறவர்கள் யார் போனைக் கொண்டுபோனார்கள். நனைந்துவிடும் என்று வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவோம். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். தென்காசியில் நல்ல வெயில். மேலகரம் தாண்டி நிமிர்ந்து பார்த்தபோது மலையின் தலையைக் காணவில்லை. கருகருவென்று மேகம் மூடியிருந்தது. சாரலுக்கு அந்த நிறம் கிடையாது. அது மழை. மலையில் மழை என்றால் கீழே என்ன நடக்கும் என்பதை அப்பா எனக்குச் சொல்லித் தந்தது கிடையாது. அப்பாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். சாமி பெயர் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. "அப்பா, அப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன்.

கடைத்தெருவில் கூட்டம் எதிரே வந்தது. ஈரத்துணியோடு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு. விசில் சத்தம் விடாமல் கேட்டது. தண்ணீர் வளைவுக்கு ஏறிவிட்டது, எல்லாரையும் வெளியேற்றுகிறார்கள் என்று யாரோ சொல்லிக்கொண்டு ஓடினார்கள். வண்டியை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. கூட்டத்துக்கு எதிராக இடித்துக்கொண்டு போனேன்.

கரையில் செருப்புகள் கிடந்தன. என் மகளின் ரோஸ் நிறச் செருப்பு. இன்னும் சின்னதாக ஒரு ஜோடி. அதற்குப் பக்கத்தில் அப்பாவின் பழுப்பு நிறத் தோல் செருப்பு. பக்கத்தில் காவலுக்கு யாரும் இல்லை. அந்த இடத்தில் எத்தனை வருடமாக அப்பா நின்றிருக்கிறார். இப்போது அவர் செருப்பே அங்கே கிடக்கிறது, அவர் இல்லை. சத்தம் போட வாயைத் திறந்தேன், அருவி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாரி ஓடி வந்தான். உடம்பெல்லாம் எண்ணெய். மசாஜ் செய்யும் இடத்திலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறான். அவன் மனைவி பெண்கள் பக்கம் குளிக்கப் போயிருந்தாள்.

"பெரியப்பாட்டதான் விட்டுட்டுப் போனேன் அக்கா. பெரியப்பா நிக்கும்போது பிள்ளைகளுக்கு என்ன பயம்னு…" என்றவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அவனை நான் குறை சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தில் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். அருவிக்கரையில் அப்பாவை நம்பிப் பிள்ளைகளை விடுவது நம் வீட்டு வழக்கம். அவருக்கு நடந்ததுதான் அவனுக்குத் தெரியாதே.

தண்ணீருக்குள் பார்த்தேன். எல்லாரும் வெளியேறிக்கொண்டிருந்த இடத்தில், பிடிமானக் கம்பியை ஒட்டி, சட்டையில்லாமல் வேட்டியோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் என் மகள், அந்தப் பக்கம் மாரியின் மகள். அப்பாவின் தலையில் அருவித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என் வாழ்நாளில் அதை நான் பார்த்ததில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டும் அழுதுகொண்டிருந்தன.

பணியில் இருந்த ஒரு பெண் காவலர் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தார். பிள்ளைகளை இழுக்கிறார், வரவில்லை. அப்பா கையை விடவில்லை. இன்னொரு காவலரும் போய், விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு அப்பாவை இரண்டு பேர் பிடித்து நடத்தி வந்தார்கள்.

"எதுக்குய்யா தள்ளுதிய, நல்லாத்தான இருக்கு" என்று அவர்களிடம் கோபித்துக்கொண்டார் அப்பா. என்னைப் பார்த்ததும் கோபம் போய் முகம் மலர்ந்தது. என்னிடம் கையை நீட்டினார்.

"நீயும் வாயேன். பயப்படாத."

அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அந்த நிமிடம் எனக்கு வந்த பயம், செருப்புகளைப் பார்த்தபோது கூட வரவில்லை.

நாங்கள் படியேறி நின்று திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் செம்மண் நிறமாகி, மரக்கிளையும் கல்லுமாக விழுந்துகொண்டிருந்தது. அவர்கள் நின்ற கம்பி தெரியவில்லை. அந்தப் பெண் காவலரின் பெயரைக் கேட்கக் கூட எனக்குத் தோன்றவில்லை. மாரி பிள்ளைகளின் செருப்பையும் அப்பாவின் செருப்பையும் எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதான்.

வீட்டுக்கு வந்து என் மகளுக்குத் துணி மாற்றும்போது அவள் மணிக்கட்டில் அப்பாவின் விரல்கள் பதிந்த தடம் சிவந்து கிடந்தது.

"தாத்தா கூட்டிட்டுப் போனாவ. நான் வேண்டாம்னேன். ஆனா கையை மட்டும் விடவே இல்லம்மா" என்றாள்.

அந்தக் கைதான் பிள்ளைகளைத் தண்ணீருக்குள் கொண்டுபோனது. அந்தக் கைதான் தண்ணீர் இழுத்தபோது பிடித்து வைத்திருந்தது. வெளியே வர விடாமல் தடுத்ததும் அதே கைதான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மனசு மறந்த பயத்தைக் கை மறக்கவில்லை என்று காதர் மாமா சொல்கிறார். அப்படியே இருக்கட்டும்.

அன்று சாயங்காலமே அம்மா எல்லாருக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னார். கேட்டுக்கு முதல்முறையாகச் சீசனில் கொண்டி போட்டோம். இனி யாரும் வர மாட்டார்கள் என்று அம்மா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரமே கேட்டுக்கு வெளியே பையோடு நின்றீர்கள். முன்பு போலவே வந்தீர்கள், முன்பு போலவே கத்தினீர்கள், முன்பு போலவே அம்மாவைச் சமையலறையை விட்டு வெளியே வர விடவில்லை. ஒன்று மட்டும் மாறியிருந்தது. எல்லாரும் அருவிக்குக் கிளம்பும்போது உங்களில் ஒருவர் குளிக்காமல் வீட்டில் தங்கினார். யாரும் ஏற்பாடு செய்யவில்லை, நீங்களாகவே முறை வைத்துக்கொண்டீர்கள். சென்னையிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்த அத்தான், இரண்டு நாளும் அப்பாவோடு தோட்டத்தில் உட்கார்ந்து சாரலில் செடிக்குத் தண்ணீர் விட்டார். நீங்கள் திரும்பி வரும்வரை அத்தான் நிம்மதியில்லாமல் வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடந்ததை நான் பார்த்தேன். அப்பாவின் பயத்தை நீங்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிக்கொண்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஆடியில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. பழைய இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிறகு வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் எல்லாரும் வந்து குவிந்தீர்கள். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தோம். அங்கிருந்து பார்த்தால் வாசற்படி தெரியும். படி முழுக்கச் செருப்பு. அப்பா தலையைத் திருப்பி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் அது திரும்பி வந்தது. கண் அகன்றது, உதடு நடுங்கியது. காணாமல் போயிருந்த பயம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் கையைப் பிடித்தார்.

"ஆளெல்லாம் எங்கன?"

"எல்லாரும் உள்ளதான் இருக்காவ அப்பா."

"வரச் சொல்லு."

நீங்கள் வந்தீர்கள். கட்டிலுக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து நின்றீர்கள். யார் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார், பிறகு அடுத்த முகத்தைப் பார்த்தார். கடைசியாக மாரி நின்றான், மகளைத் தூக்கிக்கொண்டு. அதன் பிறகுதான் அப்பா கண்ணை மூடினார். மறுநாள் காலை, அம்மா தலையைத் தடவிக்கொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல் போய்விட்டார்.

அப்பாவின் கடைசி நாட்களில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். தன் வீட்டு வேலையை விட்டுவிட்டுத் தினமும் கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்த காதர் மாமாவுக்கும், எங்களுக்குச் சமைத்துப் போட்ட அவர் வீட்டாருக்கும். வாரா வாரம் சுரண்டையிலிருந்து வந்து, கேட்காமலே அப்பாவைக் குளிப்பாட்டிவிட்ட தம்பி மாரிக்கும் அவன் மனைவிக்கும். கை பிடித்துப் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும். பந்தல் போட்ட மேலகரத்துப் பிள்ளைகளுக்கும் தெருவாருக்கும். குளிக்காமல் வீட்டில் தங்கிய உங்கள் ஒவ்வொருவருக்கும். பெயர் தெரியாத அந்தப் பெண் காவலரின் கையில் இந்த மலர் எப்படியாவது கிடைத்தால், அவருக்கும்.

நாளைக் காலை படையல். அதற்கு முன் அருவிக்குப் போய் வந்துவிடலாம் என்று நீங்கள் இப்போதே பேசிக்கொண்டிருப்பீர்கள். போய் வாருங்கள். மலையில் மேகம் கறுத்தால் குளித்தவரை போதும் என்று கிளம்பிவிடுங்கள். எல்லாரும் திரும்பி வந்த பிறகுதான் அப்பாவுக்கு இலை போடுவோம். ஒருவர் குறைந்தாலும் அவர் சாப்பிட மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும்.

வந்ததும் செருப்புகளை வாசற்படியில் ஜோடியாகக் கழற்றி வையுங்கள். ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு தோல் செருப்பு இருக்கும். அம்மா அதை எடுக்க விடவில்லை. எல்லாரும் ஊருக்குக் கிளம்பிய பிறகும் அந்த ஒரு ஜோடி அங்கேதான் மிஞ்சிக் கிடக்கும். அது யாருடையது என்று நீங்கள் யாரும் தேட வேண்டாம்.